கழிச்ச போத்தல்

அன்றைக்கு அந்த முற்றத்தில் நின்றவர்கள் இவ்வளவு பேர்தான்: கடைக்காரி, அவளுடைய புருசன், ஓட்டமாவடியிலிருந்து உடுக்கிற சாரம் கொண்டுவந்து கடை கடையாகப் போடுகிற வியாபாரி ஒருவர், என்னை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்த என் கணவரின் தம்பி, பிறகு நான். நடுவில் ஒரு பிளாஸ்டிக் கதிரை. கதிரையின் மேல் மரமூடி போட்ட ஒரு கண்ணாடிப் போத்தல். அதையும் ஓர் ஆளாகச் சேர்க்கத்தான் வேண்டும். எல்லோரும் அதன் முகத்தைப் பார்த்துத்தான் கதைத்தார்கள்.

வேறு ஒருவரும் இல்லை. மந்திரம் பார்க்கிற ஐயா வந்து நின்றதாகவும், என்னைக் கண்டதும் அவரே பின்வாங்கிப் போனதாகவும் கடைக்காரி இப்போது சொல்லித் திரிகிறாள். அவர் வரவே இல்லை. ஏன் வரவில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனாலும் நின்ற ஆட்களை முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு ஒருவரும் கதையை வளைக்க ஏலாது என்று எனக்குத் தெரியும்.

அவளுடைய கடை, வீடும் அதோடுதான், பாசிக்குடாக் கடற்கரைக்குப் போகிற ரோட்டில் இருக்கிறது. மாம்பழ ஜாம், அன்னாசி ஜாம், கஜு என்று வெளிநாட்டு ஆட்கள் வாங்கிப் போகிற சாமான்கள். கடற்கரை ஹோட்டல்களில் அறைக்கு அறை வாசனை மெழுகுதிரி வைப்பார்களாம், தடித்த கண்ணாடிப் போத்தலுக்குள் ஊற்றினது. அரைவாசி எரிந்ததும் அதை எடுத்துவிட்டுப் புதிது வைப்பார்களாம். எடுத்தவற்றைக் குப்பைக்கு அனுப்பாமல் தனக்குத் தருவதற்கு அவள் அங்கே ஆள் பிடித்து வைத்திருந்தாள். கழுவி எடுத்தால் ஜாம் போடலாம். பழைய போத்தலைத் திரும்பப் பாவித்துக் கடலைக் காப்பாற்றுகிறோம் என்று இங்கிலீசில் எழுதின மட்டையொன்றைக் கழுத்தில் கட்டினால் விலை இரட்டிப்பு. அவளுடைய கை ஒரு போத்தலையும் கழுவியதில்லை. கடலைக் காப்பாற்றியது என் கை.

"வீட்டில இருந்து செய்யிற வேலதானே தங்கச்சி," என்றாள். போத்தலுக்கு நாற்பது ரூபாய், காஸ் செலவு வேறாக. காஸைப் பற்றி நான்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

"ஓம் கா, காஸுக்கும் தாறன். என்ன நீ, மாப்பிள்ள பேச வந்த மாதிரி கேட்டுக்கொண்டு நிக்காய்?"

இரண்டாயிரம் ரூபாய் முற்பணம் தந்தாள். உரப்பைகளில் போத்தல்கள் வந்து என் குசினி வாசலில் இறங்கின.

மெழுகைக் கத்தியால் சுரண்டலாம் என்று நினைக்கிறவர்கள் சுரண்டிப் பார்க்கட்டும். கண்ணாடி முழுக்கக் கீறல் விழும். கொதிதண்ணியை ஊற்றினால் போத்தல் கையிலேயே வெடிக்கும். பெரிய சட்டியின் அடியில் பழைய சாரத்தை மடித்துப் போட்டு, அதன்மேல் போத்தல்களை நிறுத்தி, முழுக்க மூடுமளவுக்குப் பச்சைத் தண்ணி விட்டு, அடுப்பை மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும். மெழுகு இளகி மேலே வரும். திரியைப் பிடித்திருக்கிற சின்னத் தகடு தானாகக் கழன்றுவிடும். பிறகு அடுப்பை அணைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆறினால் மெழுகு பாலாடை மாதிரி ஒரே தட்டாக மேலே கட்டிவிடும், அப்படியே தூக்கி எடுக்கலாம். அவசரப்பட்டுச் சூட்டோடு கழிவுத்தண்ணிக் கானுக்குள் ஊற்றினால் கான் அடைபட்டுப்போகும். முதல் சட்டியை நான் அப்படித்தான் ஊற்றினேன். கம்பியை விட்டுக் குடைந்து குடைந்து எடுக்க ஒரு பகல் போனது.

லேபல் பசைக்குத் தேங்காயெண்ணெய் பூசி வெயிலில் வைத்துத் தேங்காய்த் தும்பால் தேய்க்க வேண்டும். பிறகு சாம்பல், பிறகு சவர்க்காரம். எங்கள் வீடு வாவிக்கரையில், கிணற்றுத் தண்ணி உவர். அதில் அலசினால் காய்ந்ததும் கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி நிற்கும். அதனால் கடைசி அலசல் பைப் தண்ணியில். பைப் பில்லை நான் அவளிடம் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய பாடு மூடிதான். மரமூடி, உள்ளே ரப்பர் வளையம். மெழுகுதிரியின் வாசனை அந்த மரத்துக்குள் ஏறிக் குடியிருக்கும். எத்தனை தரம் கழுவினாலும் போகாது. அதற்குள் மாம்பழ ஜாம் போட்டால் முகத்துக்குப் பூசுகிற பவுடரைத் தின்பது போலிருக்கும். நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். போத்தலுக்குள் பாதித் தேசிக்காய், ஒரு பிடி கல்லுப்பு, இரண்டு துண்டு சிரட்டைக்கரி. போட்டு இறுக்கி மூடி ஒரு கிழமை வைத்தால் வாசனை செத்துவிடும். கரித்தூள் கண்ணாடியில் ஒட்டாமல் இருக்கக் கரியைத் துணியில் பொட்டலமாக முடிந்து நூலால் கட்டுவேன். கிழிப்பதற்கென்று வீட்டில் இருந்தது என் பழைய சிவப்புச் சட்டைதான்.

இது ஒன்றும் கடைக்காரிக்குத் தெரியாது. வாசனை எப்படிப் போகிறது என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

எனக்குப் பயப்படக் காரணம் வேண்டியதில்லை. கணவர் வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து பல நாள் படகில் போகிறவர், காற்றுக் கொஞ்சம் மாறினாலே எனக்குச் சோறு இறங்காது. காஸை மூடினேனா என்று படலை வரை போய்த் திரும்பி வந்து பார்ப்பேன், பிறகும் ஒருக்கால் வருவேன். இந்த வேலை வந்த பிறகு புதிதாக ஒரு பயமும் சேர்ந்தது. மயிரிழை மாதிரி வெடித்த போத்தல் ஒன்று என் கண்ணுக்குத் தப்பி, கண்ணாடித் துகள் ஜாமுக்குள் விழுந்து, எந்த நாட்டிலோ ஒரு குழந்தை அதைப் பாணில் பூசித் தின்று... அதனால் ஒவ்வொரு போத்தலையும் வெயிலுக்குப் பிடித்துச் சுற்றிப் பார்த்து நகத்தால் தட்டுவேன். நல்லது மணி மாதிரிப் பாடும். வெடித்தது மண்சட்டி மாதிரி ஊமையாக நிற்கும். ஊமையைக் கழித்து ஒரு பக்கத்தில் வைப்பேன். எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வோம். துறைமுகத்தில் மீன் பிரிக்கும்போது பழுதானதை ஒதுக்கிவிட்டு, "அது கழிச்ச மீன்" என்பார்கள். அதே சொல்தான்.

அறுநூறு போத்தல் கழுவி முடித்தேன். இரண்டு காஸ் சிலிண்டர் போய்விட்டது. இரண்டையும் சந்திக் கடை முதலாளியிடம் என் வாய்ச்சொல்லை நம்பிக் கடனுக்கு எடுத்திருந்தேன். போத்தல் காசு வந்ததும் தருவேன் என்றேன். அவர் ஒரு நாளும் வாய் திறந்து கேட்கவில்லை. கேட்காமல், நான் வரும்போது றேடியோவைத் திருகத் தொடங்குவார். அது எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. பிறகு நான் அந்தச் சந்தியாலேயே போகவில்லை. பாண் வாங்குவதற்குக்கூட வாவியோரத்துச் சேற்றுப் பாதையால் சுற்றிப் போனேன். யாராவது கேட்டால் காற்றுக்கு என்றேன்.

கடைக்காரி முதலில் சீசன் முடியட்டும் என்றாள். சீசன் முடிந்தது. பிறகு ஹோட்டல் காசு வரவில்லை என்றாள். ஹோட்டல் அவளுக்கு என்ன காசு தர வேண்டும்? போத்தல் சும்மா வந்தது. கடைசியாகப் போனபோது கடைக்குள் இரண்டு பெண்கள் சாமான் பார்த்துக்கொண்டு நின்றார்கள், கொழும்புப் பக்கத்துத் தமிழ் ஆட்கள். நான் வெளியே நின்று மெல்லத்தான் கேட்டேன்.

"தரமாட்டன் எண்டு சொன்னனா?" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "உடைஞ்சதுக்குக் கழிக்கோணும். உருக்கி எடுத்த மெழுகெல்லாம் நீதானே வச்சிரிக்காய், அதையும் நிறுத்துக் கழிக்கோணும். கழிச்சாப் பொறகு என்ன மிஞ்சுதோ பாப்பம்."

"மெழுகுக்கும் கழிக்கிறீங்களா அக்கா? நீங்கதானே குப்பை, வீசு எண்டீங்க?"

அவள் அந்தப் பெண்களின் பக்கம் திரும்பிச் சிரித்தாள். "எட்டாம் வகுப்போட நிண்டதுகளுக்குக் கழித்தல் கணக்குப் படிப்பிக்கிறதெண்டா பெரிய பாடு."

அந்தப் பெண்களும் சிரித்தார்கள். ஒருத்தி என் கழுத்தைப் பார்த்தாள். கழுத்தில் நகை ஒன்றும் இல்லை, அதனால்தான் பார்த்தாள். நான் கழுவின போத்தலில் இரண்டை வாங்கிக்கொண்டு போனார்கள்.

வரும் வழியில் ஓட்டோவில் நான் அழவில்லை. கழித்தல் கணக்கு எனக்குச் சின்னதிலேயே வரும். பெருக்கலில்தான் பிடிபடாமல் நின்றேன். இதை அவளிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. அன்றிலிருந்து சட்டி துலக்கினாலும் உடுப்புத் தோய்த்தாலும் அவளுக்குச் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிச் சொல்லித் திருத்திக்கொண்டிருந்தேன். அவள் கடை எரிய வேண்டும் என்று நினைப்பேன். உடனே பக்கத்துக் கடைக்கும் பிடித்துவிடுமே என்று பயம் வரும். அவளுடைய ஜாம் புளிக்க வேண்டும் என்று நினைப்பேன். தின்கிறவருக்கு வயிற்றாலே போகுமே என்று யோசனை வரும். பயந்த ஆளுக்குப் பழி வாங்குவதும் கஷ்டமான வேலைதான்.

அந்தப் பழி தானாக வந்தது. முதலில் அதில் என் கை இல்லை.

அந்த அறுநூறில் கடைசிப் பை மட்டும் வீட்டில் மிச்சம் இருந்தது. அதைக் கொடுத்தால்தான் கணக்குப் பார்ப்பேன் என்று சொல்லியனுப்பினாள். கணவரின் தம்பி பையைக் கட்டி ஏற்றிக்கொண்டு போனார். வெடிப்பு இருக்கிறதென்று நான் கழித்து மூலையில் வைத்திருந்த ஒன்றையும் அவர் தெரியாமல் சேர்த்துக் கட்டிவிட்டார். தேசிக்காய் போட்டு மூடின பிறகுதான் அதில் வெடிப்பைக் கண்டேன், அதனால் உள்ளே இருந்ததை எடுக்காமல் அப்படியே ஒதுக்கியிருந்தேன். கிழமைக்கணக்கில் கிடந்து தேசிக்காய் கறுத்துச் சுருங்கிப்போயிருந்தது. அடியில் உப்பு. உப்பின் மேல் சிவப்புத் துணிப் பொட்டலம், நூல் சுற்றினது.

அவள் வட்ஸ்அப்பில் படம் அனுப்பி, "இது என்ன?" என்று கேட்டிருந்தாள். படத்தைப் பார்த்ததுமே அது வெடித்த போத்தல் என்று கண்டுகொண்டேன். கடையில் அவளுடைய அக்காவின் பிள்ளைகள் விளையாடுகிறவர்கள். தூக்கினால் உடையும், கை வெட்டும். எழுதிக்கொண்டிருக்க நேரமில்லை. குரலில் அனுப்பினேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குக் கெட்டது ஏதும் அண்டிவிட்டால் தேசிக்காய், உப்பு, கரி, சிவப்புத் துணி எல்லாம் வைத்து மந்திரம் சொல்லி அதை இறக்கி ஒரு கலயத்தில் அடைப்பார்கள். அதற்குப் பெயர் கழிப்பு. கழித்து அடைத்த கலயத்தை யாரும் தொடவும் மாட்டார்கள், வீட்டில் வைத்திருக்கவும் மாட்டார்கள். இது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் குரல் அனுப்பும்போது என் மனதில் இருந்தது வெடிப்பும் பிள்ளைகளின் கையும் மட்டும்தான்.

இரண்டு நாள் ஒரு பதிலும் இல்லை. யாருக்கோ கை வெட்டிவிட்டது என்று நான் செத்துப் பிழைத்தேன். பிறகு கணவரின் தம்பி வந்து ஓட்டோவை நிறுத்தாமலே சொன்னார்:

"மச்சாள், நீங்க செய்வினை செஞ்சு அனுப்பிட்டீங்களாம். அவ கடையத் திறக்கல்ல. புருசனுக்குக் கால் சுளுக்கினதும் உங்களாலயாம், ஃப்ரிட்ஜ் நிண்டதும் உங்களாலயாம்."

நான் குசினிப்படியில் அப்படியே இருந்துவிட்டேன். என் குரலை எடுத்துத் திரும்பக் கேட்டேன். ஒரு தரம் கேட்டதுமே விளங்கிவிட்டது. போனில் ஒரு வசனம் சொன்னால் முடிந்துவிடும்: அக்கா, அது வாசனை போகப் போட்டது, வெடிச்ச போத்தல். அவளுடைய நம்பரையும் எடுத்தேன். கழித்தல் கணக்கு என்று சொல்லி அவள் சிரித்த வாய் நினைவில் வந்தது. போனை அரிசிப் பானைக்குள் வைத்து மூடினேன். அன்றைக்கு நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலையிலேயே வரச் சொல்லி ஆள் அனுப்பினாள். நான் முன்னே சொன்ன முற்றம் இதுதான். கதிரையைச் சுற்றி மஞ்சள் தண்ணி தெளித்திருந்தார்கள். அவள் மூன்று பாகத்துக்கு, மூன்று ஆள் நீளத்துக்கு, அப்பால் நின்றாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. அந்தக் கண்ணை எனக்குத் தெரியும், என் வீட்டுக் கண்ணாடியில் எத்தனையோ காலை பார்த்திருக்கிறேன்.

"என்ன கா செஞ்சு வச்சிரிக்காய் எனக்கு?"

"போத்தல் கழுவித் தந்தன் அக்கா. வேற என்ன?"

"கழுவினயா? உன்ட வாயாலதானே கழிச்சது எண்டு சொன்னாய்!" போனை உயர்த்திப் பிடித்துச் சத்தமாகப் போட்டாள். முற்றத்தில் என் குரல் எழும்பியது, மூச்சு வாங்க வாங்க:

"அக்கா, அது கழிச்ச போத்தல். தெரியாம வந்திட்டு. கையால தொட்டிராதீங்க. மூடியத் திறந்திராதீங்க. புள்ளயள் இருக்கிற வீட்டில அத வச்சிரிக்க ஒண்ணா. ஆரும் கால் வைக்காத இடத்தில கிடங்கு வெட்டிப் புதைச்சிருங்க. எனக்குப் பயமா இரிக்கி அக்கா, கெதியாச் செய்யுங்க."

சாரம் வியாபாரி தன் மூட்டையை எடுத்து இரண்டு எட்டுப் பின்னால் வைத்தார். "யா அல்லாஹ்," என்றார். "மந்திரத்தால ஆளப் பாயோட ஒட்டினதக் கேள்விப்பட்டிரிக்கன். போத்தலோட ஒட்டினத இண்டைக்குத்தான் பாக்கன்."

கணவரின் தம்பி இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார். வரும் வழியில் நான் சொல்லியிருந்தேன், அவருக்கு விசயம் தெரியும்.

"ஆருக்கெண்டு செஞ்சாய்? அதச் சொல்லு," என்றாள் அவள்.

"போத்தலுக்குத்தான் அக்கா."

"உள்ளுக்க என்னத்துக்குச் சிவப்புத் துணி?"

"அது என்ட வேலை முறை."

ஒரு பொய்யும் நான் சொல்லவில்லை. இன்றைக்கும் எந்தக் கோயிலிலும் நின்று இதைச் சொல்வேன்.

புருசன் நொண்டி நொண்டி முன்னுக்கு வந்தார். நல்ல மனுசன், ஆனால் அவள் சொல்வதற்குத் தலையாட்டியே கழுத்து வளைந்தவர். "தங்கச்சி, ஐயாவக் கேட்டம். கழிப்புக்கு நாப்பதாயிரம் எண்டார். கோழி, சாராயம் வேறயாம். காசு முன்னுக்கு வச்சாத்தான் படலைக்குள்ள கால் வைப்பாராம். நீங்களே எடுத்திட்டுப் போனா என்ன?"

ஐயா வராததற்குக் காரணம் இதுதான். என்னைக் கண்டு பயமில்லை, முற்பணம் இல்லை.

"எடுத்திட்டுப் போறன் அத்தான். என்ட காசத் தாங்க. காஸுக்கு ஏழாயிரத்தி ஐந்நூறும் சேத்து, முற்பணம் போக இருபத்தொன்பதாயிரத்தி ஐந்நூறு."

"அவ்வளவா?" என்று அவள் வாய் திறந்தாள்.

"நாப்பதாயிரத்தில இருந்து கழிச்சுப் பாருங்க அக்கா," என்றேன். "எவ்வளவு லாபம் எண்டு தெரியும். கஷ்டமெண்டா நான் படிப்பிக்கிறன்."

எத்தனை நாள் துலக்கி வைத்திருந்த வசனம்! ஒரு சொல்லும் தடக்காமல் வந்தது.

வியாபாரி அவளுடைய புருசனைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "குடுத்திருங்க மொதலாளி. கூலிக்காரிட காசு வீட்டில கிடந்தாலே போதும், வேற மந்திரம் தேவல்ல."

புருசன் உள்ளே போய் லாச்சியை இழுத்துப் பதினைந்தாயிரம் கொண்டுவந்தார். மிச்சம் பிறகு என்றார். நான் அவர்கள் முன்னாலேயே எண்ணினேன். பிறகு போய்ப் போத்தலை எடுத்தேன். வெடித்த பக்கம் கையில் பட்டுவிடும் என்ற பயத்தில் முந்தானையால் சுற்றி, வாய்க்குள் "மெல்ல, மெல்ல" என்று சொல்லிக்கொண்டு தூக்கினேன். என் உதடு அசைந்ததைக் கண்டு அவள் சுவரோடு ஒட்டிப்போனாள்.

அந்தளவில் விட்டிருக்கலாம். படலையடியில் திரும்பி நின்றேன். கடையின் கண்ணாடி அலுமாரியில் என் போத்தல்கள் வரிசை வரிசையாக, ஜாம் நிறைந்து, கழுத்தில் மட்டையோடு நின்றன.

"மிச்சக் காசத் தந்தா மற்றதுகளையும் பாத்துத் தாறன் அக்கா."

"மற்றதுகளா?"

"ஒண்டுதான் எண்டு நான் சொல்லல்லயே."

இது தானாக வந்ததல்ல. இது நானே செய்தது. சொல்லிவிட்டு ஓட்டோவில் ஏறினேன். சந்தி வரும்வரை கணவரின் தம்பி சிரித்துக்கொண்டே ஓட்டினார், பிறகு முகம் மாறியது.

"பாவம் மச்சாள், சொல்லிருங்களன்."

"நீங்க சொன்னா ஓட்டோக் காசில கழிப்பன்," என்றேன்.

சந்திக் கடையில் இறங்கி முதலாளியின் மேசையில் இரண்டு சிலிண்டர் காசையும் வைத்தேன். அவர் றேடியோவைக் குறைத்தார். "என்ன புள்ள, கனநாளாக் காணல்ல?" என்றார், ஒன்றும் நடக்காதது மாதிரி. இப்போது பாணுக்கு அந்தச் சந்தியாலேயே போகிறேன், நேராக.

அவள் அலுமாரியிலிருந்த போத்தல் முழுவதையும் கோழிக்கூட்டுக்குப் பின்னால் அடுக்கித் தறப்பாளால் மூடி வைத்திருக்கிறாள். வீசவும் பயம், விற்கவும் பயம். ஜாமை இப்போது பிளாஸ்டிக் டப்பாவில் போடுகிறாள், வெளிநாட்டு ஆட்கள் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போகிறார்கள். விடிந்ததும் படலையடியில் ஏதும் வைத்திருக்கிறதா என்று போய்ப் பார்க்கிறாளாம். திரும்பி வந்து, பிறகும் ஒருக்கால் போகிறாளாம். அதைக் கேட்டபோது என் உடம்பில் ஏறின சந்தோசத்தை எழுத எனக்குத் தமிழ் காணாது. இத்தனை வருசம் நான் தனியாக நடந்த நடை அது.

எனக்கு அவள்மேல் இரக்கம் வரவில்லை. வரும் என்று சிலர் சொன்னார்கள். காத்திருந்து பார்த்தேன், வரவில்லை.

வெடித்த போத்தலை நான் புதைக்கவில்லை. தேசிக்காயை வீசிவிட்டு, சிவப்புப் பொட்டலத்தை மட்டும் உள்ளே விட்டு, ரோட்டைப் பார்த்த ஜன்னலில் வைத்திருக்கிறேன். அவள் சந்தைக்குப் போவதென்றால் எங்கள் வீட்டைக் கடந்துதான் போக வேண்டும். காசைக் கொண்டுவந்து என் கையில் வைக்கிற அன்றைக்கு அந்தப் பொட்டலத்தை அவள் முன்னால் அவிழ்த்துக் காட்டுவேன், இரண்டு துண்டு சிரட்டைக்கரி. அதுவரைக்கும் அது அங்கேயே இருக்கும். ஒரு சதமும் கழிக்காமல் அவள் எனக்கு இன்னும் தர வேண்டியது பதினாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்.